முகம் முறியாமல் ஓர் உண்மை

இலங்கையின் வடக்கே, வன்னியில் அயலவரோடு முகம் முறித்துக்கொண்டு வாழ்வது எளிதான காரியமன்று. விதைப்புக் காலத்தில் உழவு இயந்திரத்தை அடுத்த வளவுக்காரரிடம்தான் கேட்க வேண்டும். வாய்க்காலில் வரும் தண்ணீர் மேல் வயற்காரரின் வரம்பைத் தாண்டித்தான் கீழ் வயலுக்கு வந்து சேரும். நள்ளிரவில் யாரையேனும் பாம்பு தீண்டிவிட்டால், வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்ல வேண்டிய ஓட்டோ, நேற்று நாம் வாய்த்தர்க்கப்பட்ட வீட்டு முற்றத்தில்தான் நிற்கும். செத்தவீடு நேர்ந்தால் பந்தல் போடுவதும், கதிரைகளை இரவல் வாங்கி அடுக்குவதும், அடுப்பெரியாத வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்து பரிமாறுவதும் அயல்தான். இத்தனை நெருக்கத்தில் வாழும்போது சங்கடமான சிறு விடயங்கள் நாளாந்தம் முளைத்துக்கொண்டே இருக்கும்: திருப்பித் தராத கைமாற்று, வேலி தாண்டிய மாடு, இரவில் யாரோ திறந்துவிட்ட வாய்க்கால், எல்லையைப் பற்றிய முணுமுணுப்பு. இவற்றைச் சொல்லாமல் விடவும் முடியாது. சொல்லிவிட்டு ஊரை விட்டுப் போகவும் முடியாது.

இந்த இக்கட்டில் எங்கள் ஊர்களின் நல்ல மனிதர்கள் கையாளும் ஒரு வழி உண்டு. சொல்ல வேண்டிய உண்மையை ஓர் இம்மியும் குறைக்காமல், கேட்பவர் சிரித்தபடியே அதை வாங்கிக்கொள்ளும் விதமாகச் சொல்லிவிடுவார்கள். நான் கிளிநொச்சி மாவட்டத்தில் நீண்டகாலமாக ஆசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகளின் காரியமாகப் பல வீட்டுப் படலைகளைத் திறந்து உள்ளே போயிருக்கிறேன். எனவே இந்த வழியைக் கண்ணாரக் காணும் வாய்ப்பு எனக்கு நிறையக் கிடைத்திருக்கிறது. இதை வெறும் வாய்ச்சாலகம் என்று எண்ணுவோர் இருக்கிறார்கள். நான் அப்படி எண்ணவில்லை. மனிதர்கள் மனிதர்களைக் காப்பாற்றும் வழிகளில் இதுவும் ஒன்று என்றே எண்ணுகிறேன். கீழே சொல்பவற்றில் ஆட்களின் பெயரையும் ஊரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

முதலில் கடன். வன்னியின் பெரும்பாலான குடும்பங்களுக்கு வருமானம் மாதச் சம்பளமாக வருவதில்லை. காலபோக நெல் மாரி மழையோடு விதைக்கப்பட்டு, தை பிறந்த பின்னர் அரிவு வெட்டப்பட்டு, விற்ற பிறகுதான் கையில் காசு புழங்கும். கூலி வேலைக்குச் செல்வோருக்கும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான் வேலை. ஆகவே கார்த்திகை, மார்கழி மாதங்களில் அரிசி, மா, சீனி, சவர்க்காரம் எல்லாம் சந்திக் கடையின் கொப்பியில் ஏறும். கடைக்காரருக்கும் முதல் என்று பெரிதாக ஒன்றுமில்லை. அவரும் நகரத்து மொத்த வியாபாரியிடம் கடனுக்குத்தான் சாமான் எடுக்கிறார். கொடுக்காவிட்டால் வாடிக்கை போகும். கொடுத்துக்கொண்டே இருந்தால் கடை போகும்.

எங்கள் சந்தியில் கடை நடத்தும் ஒருவர் கடனைக் கேட்ட விதத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மார்கழி மாதத்து மழை நாள். கடைக்குள் நாலைந்து பேர் ஒதுங்கி நின்றோம். வயலில் இருந்து நேரே வந்த ஒருவர், முழங்கால் வரை சேறோடு, இரண்டு கிலோ மாவும் ஒரு சவர்க்காரமும் கேட்டார். கடைக்காரர் சாமானை நிறுத்து வைத்துவிட்டு, நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்த பேனையைக் கையில் எடுத்து, கொப்பியை விரித்து, பக்கத்தைப் புரட்டி, பிறகு பின்னட்டையையும் திருப்பிக் காட்டினார். அட்டையின் உட்புறத்திலும் நீல மையில் வரிவரியாகக் கணக்கு இருந்தது. “அண்ணை, உங்கட பக்கம் நிறைஞ்சு அட்டையிலயும் எழுதிப்போட்டன். இனிப் புதுக் கொப்பிதான் வாங்க வேணும். அதுக்கு நீங்கள்தான் காசு தரவேணும்” என்றார். அங்கே நின்ற எல்லோரும் சிரித்தோம்; கடன்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கடைக்காரர் தராசுக்கு மேலால் குனிந்து, குரலைத் தாழ்த்தி, “பகிடி இல்லை அண்ணை. வெள்ளிக்கிழமை நான் மொத்தக் கடைக்குக் கட்டவேணும். முழுக்க வேண்டாம். நாலாயிரம் தந்தால் மிச்சத்துக்கு அரிவு வெட்டு வரைக்கும் பொறுப்பன்” என்றார். தராசை ஒட்டி நின்றதால் மட்டுமே அது எனக்குக் கேட்டது.

பகிடியைக் கடை முழுவதும் கேட்டது. தொகையைக் கேட்க வேண்டியவர் மட்டுமே கேட்டார். எவ்வளவு வேண்டும், எப்போது வேண்டும், ஏன் வேண்டும் என்ற மூன்றும் தெளிவாகச் சொல்லப்பட்டன. “பார்த்துத் தாங்கோ” என்று மழுப்பியிருந்தால் அந்த மனிதர் பார்த்துக்கொண்டேதான் இருந்திருப்பார். எல்லோர் முன்னிலையிலும் தொகையைச் சொல்லியிருந்தால், அதன் பிறகு சாமான் வாங்கச் சின்னப் பிள்ளையைத்தான் அனுப்பியிருப்பார். வன்னியில் கடன்பட்ட வீடுகளின் பிள்ளைகள் கடைக்குப் போக அழுவதை ஆசிரியர்களாகிய நாங்கள் அறிவோம். இவரோ அன்று மாவைக் கொப்பியில் எழுதச் சொல்லிவிட்டு, சவர்க்காரத்துக்கு ரொக்கம் கொடுத்துவிட்டுத் தலை நிமிர்ந்து போனார். வியாழக்கிழமை மாலையே மூவாயிரம் வந்து சேர்ந்ததாகக் கடைக்காரர் பின்னர் சொன்னார்.

நுண்கடன் இதைவிடக் கடுமையானது. போர் முடிந்து மீள்குடியேறிய ஆண்டுகளில் நுண்கடன் நிறுவனங்களின் ஆட்கள் வீடு வீடாக வந்து பெண்களுக்குக் கடன் கொடுத்தார்கள். பெண்கள் சிலரைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கு மற்றவர் பிணை என்று கையொப்பம் வாங்கினார்கள். ஒருத்தி ஒரு கிழமை தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அதனால் கடன் கேட்கும் வேலை நிறுவனத்தின் ஆளிடமிருந்து அயல் வீட்டுப் பெண்களின் தலையில் இறங்கியது. ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்கள் ஒருவரையொருவர் காணாததுபோல நடந்தார்கள். 2018 இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. கடனில் ஒரு பகுதி அதனால் குறைந்திருக்கலாம். பேசாமல் போன பெண்கள் மறுபடி பேசுவதற்கு அந்த அறிவித்தலால் என்ன செய்ய முடியும்?

அந்தக் காலத்தில், கிழமைக் காசு கேட்டு மோட்டார் சைக்கிள் வரும் சத்தம் கேட்டாலே பெண்கள் பின் வளவுக்குள் போய் ஒளிவார்கள். என் மாணவி ஒருத்தியின் தாய் மட்டும் ஒளியவில்லை. தகரக் கொட்டில் வாசலில் கதிரை ஒன்றைப் போட்டு, வந்த இளைஞரை இருக்கச் சொல்லி, “தம்பி, ஒளிக்கிறதுக்கு இந்த வீட்டில ஒரு அறை இல்லை. அதால இருந்து கதைப்பம்” என்றார். அந்த இளைஞரும் எங்கள் பக்கத்துப் பிள்ளைதான். அவருக்கும் வேலை வேண்டும். அவர் தலையைக் குனிந்து சிரித்தார். பிறகு அந்தத் தாய் தன் வருமானத்தை மறைக்காமல் சொன்னார்: கோழி முட்டைக் காசு இவ்வளவு, தோட்ட வேலை கிழமையில் இரண்டு நாள்தான், இந்தக் கிழமை பாதிதான் முடியும், மீதியை எந்தத் திகதியில் கட்டுவேன் என்று. இதையே அவர் குழுவின் மற்றப் பெண்களிடமும் முதல் நாளே போய்ச் சொல்லியிருந்தார். அந்தக் குழுவின் பெண்கள் கடைசி வரை ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருந்ததற்கு, அவர் முந்திக்கொண்டு போய்ச் சொன்னதே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தண்ணீர் விடயத்திலும் இப்படி ஒன்று நடந்தது. இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகம் செய்வதற்கு எல்லோருக்கும் நீர் போதாது. குளத்தில் நிற்கும் தண்ணீரின் அளவைப் பார்த்து, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டம் கூடித் தீர்மானித்து, வாய்க்கால் வாய்க்காலாக முறை வைத்துத்தான் திறப்பார்கள். வெயில் ஏற ஏற முறை குலையும். தலைப்பக்கத்து வயல்கள் நிரம்பிய பிறகே கடைக்கோடி வயலுக்குத் தண்ணீர் வரும். சில நாட்களில் வராமலே போகும். ஓர் ஆண்டு எங்கள் பக்கத்து வாய்க்கால் ஒன்றின் கதவை இரவிரவாக யாரோ திறந்துகொண்டிருந்தார்கள். யார் என்று எல்லோருக்கும் ஓரளவு தெரியும். கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் சிலர் பொலிசுக்குப் போக வேண்டும் என்று கொதித்தார்கள். செயலாளர் எழுந்து, “கொஞ்ச நாளா எங்கட கதவு இரவில தானாத் திறக்குது. பாவம், தனிய நிண்டு பயந்துபோச்சோ தெரியேல்லை. இண்டைக்கு இரவு அதுக்குத் துணையா நான் போய் அதில படுக்கப்போறன். ஆருக்கும் வர விருப்பமெண்டால் பாய் கொண்டு வாங்கோ” என்றார். கூட்டம் சிரித்தது. அவர் சொன்னபடியே அன்றிரவு நுளம்பு வலையையும் ரோச் லைற்றையும் எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் போய்ப் படுத்தார்.

இரவு பத்து மணிக்கு மேல் ஒருவர் உண்மையாகவே பாயோடு வந்தார். கதவைத் திறந்தவர் அவர்தான். தன்னுடைய கடைக்கோடி வயல் குடலைப் பருவத்தில் நிற்பதையும், மூன்று முறைக்கும் தனக்குத் தண்ணீர் எட்டவில்லை என்பதையும், இந்த நேரத்தில் நீர் தவறினால் கதிர் பதராகிவிடும் என்பதையும் அவர் சொன்னபோதுதான் செயலாளருக்கு முழுக் கதையும் தெரிந்தது. மறுநாள் கடைக்கோடியிலிருந்து தொடங்கி மேல் நோக்கி முறையை மாற்றி வைத்தார்கள். பொலிசுக்குப் போயிருந்தால் கள்வன் பிடிபட்டிருப்பான். முறையில் இருந்த பிழை அப்படியே கிடந்திருக்கும். பெயரைச் சொல்லாமல், நடந்ததை மறைக்காமல், திரும்பி வர ஒரு வழியையும் திறந்து வைத்துப் பேசிய அந்தச் செயலாளர் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். அவரிடம் படிக்க வேண்டியவர்கள் பல அலுவலகங்களில் இருக்கிறார்கள்.

எல்லைத் தகராறு இவை எல்லாவற்றையும்விடச் சிக்கலானது, அதுவும் வன்னியில். 2009 இல் போர் முடிந்த பின்னர், முகாம்களிலிருந்து கட்டம் கட்டமாக ஊருக்குத் திரும்பியவர்கள் தங்கள் வளவை அடையாளம் காணவே சிரமப்பட்டார்கள். வேலியில்லை. கதியால்கள் எரிந்தோ தறிக்கப்பட்டோ போயிருந்தன. பங்கருக்கு மேலே அடுக்குவதற்காகப் பனைகள் வெட்டப்பட்டிருந்தன; நின்ற பனைகளுக்கும் எறிகணை பட்டுத் தலை இல்லை. பற்றை மண்டிய நிலத்தில் கிணற்றுக் கட்டையும் அத்திவாரத்தையும் வைத்துத்தான் இது என்னுடையது, அது உன்னுடையது என்று பிரித்துக்கொண்டார்கள். சிலருடைய காணி அனுமதிப்பத்திரமும் இடம்பெயர்வில் தொலைந்திருந்தது. அவ்வளவு இழந்து வந்தவர்கள் ஒரு முழ நிலத்துக்கு ஏன் சண்டை பிடிக்கிறார்கள் என்று வெளியிலிருந்து வருபவர்கள் கேட்பார்கள். அவ்வளவு இழந்ததனால்தான் பிடிக்கிறார்கள்.

எனக்குச் சித்தப்பா முறையான ஒருவருக்கும் அவருடைய பக்கத்து வளவுக்காரருக்கும் இப்படி ஒரு துண்டுக்காகப் பேச்சு நின்றுபோயிருந்தது. வளவின் நீளத்துக்கு, ஏறக்குறைய நாலு முழ அகலம். சித்தப்பா ஒரு பனையடியைக் காட்டி அதுதான் எல்லை என்றார். மற்றவர் பழைய கிணற்றுத் துலாவின் குழியைக் காட்டினார். விடயம் மத்தியஸ்த சபைக்குப் போனது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அந்தச் சபையில் சட்டத்தரணி வாதாட முடியாது, கட்டணம் கிடையாது. பயிற்சி பெற்ற ஊர்ப் பெரியவர்கள் இரு தரப்பையும் இருத்திப் பேசி, இணக்கம் வந்தால் எழுதிக் கையொப்பம் வாங்குவார்கள். வராவிட்டால் இணங்கவில்லை என்று சான்றிதழ் தருவார்கள், அதன் பிறகே நீதிமன்றம். நல்ல ஏற்பாடு. சபையில் தோன்றுவதற்குத் திகதியும் கொடுத்துவிட்டார்கள்.

அந்தத் திகதிக்கு முன், இரு குடும்பத்துக்கும் உறவான ஓர் ஆச்சி பொல்லை ஊன்றிக்கொண்டு வந்தார். யாரையும் கூப்பிடாமல் அந்தத் துண்டுக்கு நடுவில் போய் நின்றார். அவர் வந்து நின்றதும் இரண்டு வீட்டாரும் வெளியே வந்தார்கள். அன்று சித்தப்பா வீட்டில் இருந்ததால் நானும் போனேன். ஆச்சி இருவரையும் மாறிமாறிப் பார்த்து, “நீங்கள் இரண்டு பேரும் சொல்லுறது உண்மையாத்தான் இருக்கும். அந்த நாளில வருசா வருசம் வேலியடைப்பில ஆளுக்கு ஒரு சாண் தள்ளித்தானே அடைச்சனீங்கள். ஒரு வருசம் இவன் அங்கால தள்ளுவான், அடுத்த வருசம் அவன் இங்கால தள்ளுவான். இந்த ஊரில கால் முளைச்சு நடந்த வேலி உங்கட வேலிதான். அது போற போக்கில எங்க நிண்டதெண்டு ஆருக்குத் தெரியும்?” என்றார். முதலில் சிரித்தவர்கள் இரண்டு வீட்டுப் பெண்களும்தான். அவர்களுக்கு அந்த வேலியடைப்பு நாட்கள் நினைவிருந்தன; கிடுகு கட்டியதும், நடுப்பகலில் இந்த வீட்டுச் சோற்றை அந்த வீட்டார் உண்டதும்.

சிரிப்போடு ஆச்சி நிறுத்தியிருந்தால் அது ஒரு நல்ல கதையாக மட்டுமே போயிருக்கும். அவர் சித்தப்பாவின் பக்கம் திரும்பி, “தம்பி, நீ காட்டுற பனை ஒழுங்கைக்கரையில நிண்ட பனை. அதில நொங்கு வெட்டினதை நானே கண்டனான். அதை எல்லை எண்டு சபையில போய்ச் சொல்லாத. உன்ர கொப்பர் அப்பிடிச் சொல்லமாட்டார்” என்றார். பிறகு மற்றவரிடம், “துலாக் குழி உன்ர வளவுக்குள்ள இருந்தது சரி. ஆனா துலாவுக்கு அங்கால வேலி வரைக்கும் நடக்க இடம் இருந்தது. அந்த இடத்தையும் நீ சேத்து அளக்கிறாய்” என்றார். குரல் உயரவில்லை; ஒரு சொல்லும் சுற்றி வளைக்கப்படவுமில்லை. இரண்டு ஆண்களும் நிலத்தைப் பார்த்தபடி நின்றார்கள். சிரித்து முடித்த முகத்தை உடனே கடுமையாக்கிக்கொள்ள மனிதனால் எளிதில் முடிவதில்லை; ஆச்சி அந்தச் சிறு இடைவெளியைத்தான் பயன்படுத்தினார். பின்னேரம் ஒருவர் ஒரு தலைப்பிலும் மற்றவர் மறு தலைப்பிலும் நின்று, துண்டுக்கு நடுவால் கயிறு பிடித்தார்கள். குறித்த திகதியில் இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் சபைக்குப் போய் இணக்கத்தை எழுதிவித்தார்கள். மழைக்காலத்தில் நட்ட கிளுவைக் கதியால்கள் இப்போது நன்றாகத் தழைத்து நிற்கின்றன.

சிறிய சங்கடங்களுக்குச் சிறிய சொல்லே போதும். வன்னியில் ஒரு வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணீர் குடிக்காமல் வருவது பெருங்குறை. நீரிழிவு உள்ளவர்கள் அதை எப்படிச் சமாளிப்பது? என் சக ஆசிரியை ஒருவர் எந்த வீட்டிலும் படியேறும்போதே, “எனக்குச் சீனியைக் குறையுங்கோ, கதையைக் கூட்டுங்கோ” என்று சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு, “வருத்தம் கூடிப்போச்சு, டொக்டர் மறிச்சுப்போட்டார்” என்பதையும் மறைக்காமல் சேர்ப்பார். வீட்டுக்காரருக்கும் மனக்குறை இல்லை, அவருக்கும் நோய் ஏறவில்லை. கனடாவிலிருந்து பேரன் எடுக்கும் தொலைபேசியும் இப்படித்தான். ரொறன்ரோவில் மாலை 6 மணி என்றால் இங்கே விடியற்புறம் மூன்றரையோ நாலரையோ. எங்கள் ஒழுங்கையில் உள்ள பாட்டி ஒருவர் பேரனிடம், “தம்பி, நான் கோழியோட எழும்புற மனிசிதான். ஆனா நீ கோழிக்கு முந்தி எழுப்புறாய்” என்று சிரித்துவிட்டு, “உன்ர குரல் கேக்காட்டில் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஞாயிற்றுக்கிழமை உன்ர காலமை எடு, ஆறுதலாக் கதைப்பம்” என்றார். எடுக்காதே என்று சொல்லவில்லை. எப்போது எடுக்க வேண்டும் என்று சொன்னார்.

ஆனால் சிரிப்பு யாருக்கு உரியது என்பதில் நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். யுத்தத்தில் ஒரு காலை இழந்த ஒருவர், செயற்கைக் காலோடு சனம் நிறைந்த பேருந்தில் ஏறினார். முன்னிருக்கையில் இருந்த இளைஞர்கள் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒருவரின் தோளைத் தட்டி, “தம்பி, எனக்கு ஒரு கால்தான் உளையுது, அரைச் சீற் தந்தால் போதும்” என்றார். இளைஞர் வெட்கத்தோடு எழுந்து முழு இருக்கையையும் கொடுத்தார். சுற்றி நின்றவர்கள் மனம் இளகிச் சிரித்தார்கள். சில நாட்களின் பின், அதே சொல்லை நடத்துநர் அவரைக் காட்டித் தன் பகிடியாக எடுத்துவிட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தக் கால் அவருடையது, அதன் நோவு அவருடையது, அதைப் பற்றிச் சிரிக்கும் உரிமையும் அவருக்கு மட்டுமே உரியது. கணவனை இழந்த பெண் மோட்டார் சைக்கிள் ஓடினால், கடைக்குப் போனால், சிரித்தால், அதைப் பற்றிச் சந்தியில் நின்று பகிடி விடுபவர்கள் எங்கள் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். அதைப் பகிடி என்று சொல்வது பகிடிக்குச் செய்யும் அவமானம். அந்த இடத்தில் சிரிக்காமல் நிற்பதும், “அது சரியில்லை அண்ணை” என்று நேரே சொல்வதும் நம் ஒவ்வொருவரின் கடமை. அங்கே சுற்றி வளைக்கத் தேவையில்லை.

சிரிப்புக்குச் சற்றும் இடமில்லாத துயரமும் இங்கே உண்டு. காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளுக்காக 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோவில் முன்றலில் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். அப்படித் தன் பிள்ளையைத் தேடும் ஒரு தாய் என் அயலில் இருக்கிறார். பாடசாலைப் படிவம் ஒன்றை நிரப்பும்போது, பேரப்பிள்ளையின் தந்தையின் பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று எழுதுவதா விடுவதா என்று என்னைக் கேட்டார். “வருவார், கவலைப்படாதேங்கோ” என்று சொல்வது எளிது, ஊரில் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள், அன்பினால்தான் சொல்கிறார்கள். என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. “எனக்குத் தெரியாது அம்மா. தெரியாததை நாங்கள் எழுத வேண்டாம். பெயரை மட்டும் எழுதுவம்” என்றேன். பெயரை மட்டும் எழுதினோம். வகுப்பில் யாரேனும் கேட்டால் என்ன சொல்வது என்று பிள்ளையோடும் இருந்து கதைத்தோம். மென்மையாகச் சொல்வதென்பது பொய்யான ஆறுதலைக் கொடுப்பதாகிவிடக் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை.

எங்கள் ஊரில் இப்போது நடந்துகொண்டிருக்கும் ஒரு விடயத்தையும் சொல்ல வேண்டும். கோவில் ஒலிபெருக்கி. பாடசாலைக்கு அருகிலுள்ள பிள்ளையார் கோவிலில் விடியற்காலை தொடங்கும் பாட்டு, உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் மிக நல்ல நேரத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி வழங்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007 இலேயே சொல்லியிருக்கிறது. ஆயினும் தங்கள் கோவிலுக்கு எதிராகப் பொலிசில் எழுதிக் கொடுக்க எந்த ஊராரும் முன்வரமாட்டார்கள், வருவது நல்லதுமன்று. போர் முடிந்து திரும்பி வந்தபோது, தறப்பாள் கொட்டிலில் இருந்துகொண்டே அவர்கள் முதலில் கூரை போட்டது அந்தக் கோவிலுக்குத்தான். அந்தப் பாட்டு அவர்களுக்கு ஊர் மீண்டும் ஊரானதன் சத்தம்.

பரிபாலன சபைக் கூட்டத்துக்கு நான் பரீட்சை அட்டவணையோடு போயிருந்தேன். நான் வாய் திறப்பதற்கு முன்பே, கோவிலுக்குப் பூமாலை கட்டும் அம்மா, அவருடைய பேத்தியும் அந்த ஆண்டு பரீட்சை எழுதுகிறாள், எழுந்து, “எங்கட பிள்ளையாருக்குக் காது பெரிசு, மெதுவாச் சொன்னாலும் கேக்கும். அவருக்கு ஏன் இவ்வளவு சத்தம்?” என்று கேட்டார். தலைவர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் பின்னால் நான் அட்டவணையை விரித்தேன். எந்தத் திகதியில் எந்தப் பாடம், இந்த ஊரிலிருந்து எத்தனை பிள்ளைகள், அவர்களில் எத்தனை பேருக்கு வீட்டில் இருந்து படிக்கத் தனி அறை இல்லை, விடியற்காலை ஏன் அவர்களுக்கு முக்கியம் என்பதை ஒன்றும் விடாமல் சொன்னேன். பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. ஒலிபெருக்கிப் புனல்களை உள்வீதிப் பக்கம் திருப்பி, பரீட்சை முடியும் வரை நேரத்தைத் தள்ளி வைக்கக் கேட்டேன். ஒருவர் மட்டும் மரபு கெடும் என்று மறுத்தார். அவருக்கு மாலை கட்டும் அம்மா பதில் சொல்லவில்லை. தலைவர்தான், “பிள்ளையள் பாஸ் பண்ணினால் முதல் தேங்காய் உடைக்க இங்கதானே வருவினம்” என்றார். புனல்கள் திரும்பின.

அடுத்த முறை பரீட்சையும் திருவிழாவும் ஒரே காலத்தில் வந்துவிட்டால் என்ன செய்வது என்பது இன்னும் தீராமல் இருக்கிறது. கொடியேற்றத் திகதியை மாற்ற முடியாது. ஒலிபெருக்கிக்காரருக்கு முற்பணமும் கொடுத்தாகிவிடும். மறுத்துப் பேசிய அதே மனிதர் போன கிழமை என்னைச் சந்தையில் கண்டு, “ரீச்சர், அட்டவணை வந்த உடன முதல் எனக்குத் தாங்கோ. திருவிழா நோட்டீஸ் அடிக்க முதல் நேரங்களைப் பாப்பம்” என்றார். அட்டவணை இன்னும் வெளியாகவில்லை. வந்ததும் பிரதி எடுத்து, முதலில் அவர் வீட்டுக்குத்தான் கொண்டுபோகப் போகிறேன்.